மடுல்சீமைக் குளிரில் உறைந்த என் டீசல்

டீசல் விலை ஏறிக்கொண்டே இருந்த 2000களின் நடுப்பகுதி. யாழ்ப்பாணத்துக்காரியான நான் அப்போது பதுளையில் விஞ்ஞான ஆசிரியை. வடைக் கடைகளில் கழித்த எண்ணெயை வாங்கி, வடித்து, மெதனோலும் கோஸ்டிக் சோடாவும் கலந்து பயோடீசல் செய்யும் பைத்தியம் பிடித்திருந்தது. கணவரின் பழைய வான் வண்டி அதை ஊற்றியதும் வடை வாசத்தோடு ஊர் முழுக்க ஓடியது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

மார்கழியில் சாதாரணதரப் பரீட்சை. மடுல்சீமைக்கு அப்பால் ஒரு தேயிலைத் தோட்டத்தில் நான் சனிக்கிழமைகளில் படிப்பித்த ஏழு பிள்ளைகள் பசறைக்குப் போய் எழுத வேண்டும். பஸ்ஸை நம்ப முடியாது என்று, விஞ்ஞானப் பரீட்சைக்கு முதல்நாள் பின்னேரமே நானும் கணவரும் வானோடு போய் அங்கே தங்கினோம்.

"பாதிக்குப் பாதி டீசல் கலப்பம்" என்றார் கணவர். நான் கேட்கவில்லை. எரிபொருள் தாங்கி முழுக்க என் சரக்குத்தான்.

காலையில் பிள்ளைகள் திருநீறு பூசிக்கொண்டு ஏறினார்கள். இரண்டு வளைவு தாண்டியதும் வான் இருமிக்கொண்டு நின்றுவிட்டது. ஃபில்டரைக் கழற்றினால், உள்ளே வெள்ளை வெளேரென்று கொழுப்பு. ஒரு பிள்ளை அழத் தொடங்கினாள்.

"ஐயோ, பிள்ளையளின்ர சோதனை என்னால போகப்போகுதே!" என்று நானும் தலையில் கைவைத்தேன்.

காலையில் ஆள்கணக்கு எடுக்கும் பெரட்டுக்குப் பெயர் கொடுக்கப் போய்க்கொண்டிருந்த கொழுந்தெடுக்கும் பெண் ஒருவர் எட்டிப் பார்த்தார். என் வயதுதான் இருக்கும். ஃபில்டரைத் தொட்டு முகர்ந்தார்.

"இது எண்ணெதானுங்களே டீச்சர்? குளிருக்கு ஒறைஞ்சு போச்சு. தலைக்கு வைக்கிற எண்ணெ போத்தலையே நாங்க அடுப்புக்கிட்டதான் வைப்போம்!"

பக்கத்து லயத்து வீடுகளுக்குக் குரல் கொடுத்தார். வாளி வாளியாகச் சுடுதண்ணீர் வந்தது. தாங்கிக்கும் குழாய்க்கும் வெளிப்புறமாக ஊற்றினோம். அவர் தன் இடுப்பில் கட்டியிருந்த சாக்குப் படங்கை அவிழ்த்து, சுடுதண்ணீரில் நனைத்து, பூட்டிய ஃபில்டரைச் சுற்றினார். பிந்திப் போனால் கங்காணி ஏசுவாரே என்றேன்.

"அவரு தெனமுந்தான் ஏசுறாரு. பரீட்ச தெனமும் வருமா? நீங்க கெளம்புங்க."

வான் மறுபடி ஓடத் தொடங்கியது. மணி அடிக்கும் முன்னே ஏழு பேரும் மண்டபத்துக்குள் இருந்தார்கள். எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. கணவர் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார். அது ஏச்சைவிட மோசம்.

உருகுநிலை படிப்பித்தவள் நான். ஆனாலும் பயோடீசல் என்று பெயர் வைத்ததும் அது எண்ணெய் என்பதையே மறந்துவிட்டேன். இப்போதெல்லாம் கரும்பலகையில் ஒரு புதிய பெயரை எழுதினால், "இது உங்கட வீட்டில எது?" என்று பிள்ளைகளிடம் முதலில் கேட்டுவிடுகிறேன். நான் ஓரளவு நல்ல ஆசிரியையாக ஆனது அவர்கள் சொல்லும் பதில்களால்தான்.