ஊதா லேபிள்

நானும் என் அண்ணனும் பேச்சை நிறுத்தியதற்குக் காரணம் ஒரு காமிக்ஸ் புத்தகம் என்று சொன்னால் கேட்பவர்கள் சிரிக்கிறார்கள். சொத்துத் தகராறு என்றால் உடனே புரிந்துகொண்டு தலையாட்டுகிறார்கள். அதனால் இப்போதெல்லாம் யார் கேட்டாலும் சொத்துத் தகராறு என்றே சொல்லிவிடுகிறேன். அதில் பொய்யும் இல்லை.

அப்பா நெய்வேலியில் அனல்மின் நிலையத்தில் வேலை பார்த்தார். நாங்கள் சிறுவர்களாக இருந்தபோது சுரங்கத்து இயந்திரங்களை நிறுவ வந்திருந்த வெளிநாட்டு இன்ஜினியர் ஒருவர் ஊருக்குத் திரும்பினார். போகும்போது வீட்டுச் சாமான்களைக் கிடைத்த விலைக்கு விற்றுவிட்டுப் போனார். அப்பாவோடு வேலை பார்த்தவர்கள் மேசைவிசிறி, சைக்கிள், சோபா என்று வாங்கிவந்தார்கள். அப்பா வாங்கிவந்தது ஒரு கட்டு ஆங்கிலக் காமிக்ஸ். அவருக்கு ஆங்கிலம் எழுத்துக்கூட்டித்தான் வரும். "படம் பாருங்கடா, படிப்பு தானா வரும்" என்றார். நானும் அண்ணனும் மாதக்கணக்கில் படம் பார்த்தோம். யார் முதலில் பார்ப்பது என்று அடித்துக்கொண்டோம். பிறகு அண்ணனுக்குக் கிரிக்கெட் வந்தது. எனக்கு அந்தப் பித்து அப்படியே தங்கிவிட்டது. சிவகாசியிலிருந்து வரும் தமிழ்க் காமிக்ஸ்களையும் பழைய பேப்பர் கடைகளில் தேடித்தேடிச் சேர்க்க ஆரம்பித்தேன்.

அப்பா பணியில் இருக்கும்போதே மாரடைப்பில் இறந்துபோனார். வாரிசு வேலை ஒருவருக்குத்தான். மூத்தவன் என்பதால் அண்ணனுக்கு என்று மாமாக்கள் முடிவு செய்தார்கள். என்னை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன். அன்றைக்கு அண்ணன் என் தோளில் கைபோட்டு, "உன்ன நான் பாத்துக்குவேன்டா" என்றான். பிறகு அப்பாவின் பொருட்களைப் பிரித்தபோது காமிக்ஸ் கட்டு இருந்த தகரப்பெட்டியைக் காலால் என் பக்கம் தள்ளி, "இந்தக் குப்பைய நீயே எடுத்துக்க" என்றான். அவன் பர்மனென்ட் ஆனான். குவார்ட்டர்ஸ் அவன் பேருக்கு மாறியது. அம்மா அங்கேயே இருந்துவிட்டாள். நான் சில வருஷம் காண்ட்ராக்டில் கன்வேயர் பெல்ட் பக்கம் நிலக்கரித் தூசியைக் கூட்டினேன். பிறகு டவுன்ஷிப்புக்கு வெளியே ஒரு சின்ன ஜெராக்ஸ் கடை வைத்தேன். அண்ணன் என்னைப் பார்த்துக்கொண்டான்தான். தீபாவளிக்கு ஒரு சட்டைத்துணி வரும்.

என் மனைவிக்கு இந்தப் புத்தகங்கள் பிடிக்காது. பிடிக்காது என்று சொன்னதும் இல்லை. பீரோவின் மேல்தட்டில் ஒவ்வொன்றையும் உறைபோட்டு, வளையாமல் இருக்கப் பின்னால் அட்டை வைத்து அடுக்கியிருந்தேன். கடையில் ஆளில்லாத நேரத்தில் அமெரிக்க ஏல விலைகளை போனில் பார்த்துக்கொண்டிருப்பேன். எந்தப் புத்தகம் எத்தனை டாலர், போன வருஷம் எவ்வளவு, எந்தப் படம் வெளிவந்ததும் எது ஏறியது என்றெல்லாம் எனக்கு மனப்பாடம். அதனால் ஒரு பைசா லாபமில்லை. பக்கத்து டீக்கடைக்காரர் ஷேர் மார்க்கெட் பார்க்கிறேன் என்றே நினைத்துக்கொண்டிருந்தார்.

அப்பா வாங்கிய கட்டில் ஒரு புத்தகம் இருந்தது. இன்றைக்கு உலகமெல்லாம் சினிமாவாக ஓடும் ஒரு நாயகன் முதன்முதலில் தலைகாட்டிய இதழ். அது என்னவென்று எனக்குப் பல வருஷங்களாகத் தெரியும். விற்க வேண்டும் என்று தோன்றியதே இல்லை. வருஷத்துக்கு ஒருமுறை எடுத்துப் பார்ப்பேன், மூடி வைப்பேன். அந்த ஒரு ரூபாய் ஜெராக்ஸ், இரண்டு ரூபாய் ஜெராக்ஸ் வாழ்க்கையில் என்னிடம் ஒன்று இருக்கிறது என்ற நினைப்பே எனக்குப் போதுமாக இருந்தது.

அண்ணன் மகன் பெங்களூரில் வேலை பார்க்கிறான். அவன் ஏதோ ஒரு வீடியோவை அப்பனுக்கு அனுப்பியிருக்கிறான். அந்த இதழின் ஒரு பிரதி ஏலத்தில் என்ன விலைக்குப் போனது என்பதைப் பற்றிய வீடியோ. அட்டைப்படத்தைப் பார்த்ததும் அண்ணனுக்கு ஞாபகம் வந்துவிட்டது. மறுநாள் டூட்டி முடிந்த கையோடு கடைக்கு வந்தான். அவன் என் கடைக்கு வந்ததே அதற்குமுன் விரல்விட்டு எண்ணக்கூடிய தடவைதான்.

"இது நம்ம வூட்ல இருந்துச்சே, அதானடா?" என்று போனை நீட்டினான்.

"ஆமாண்ணே."

"இருக்குதா, வித்துட்டியா?"

"இருக்குது."

ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். டீ சொன்னேன். குடித்து முடிக்கும்வரை வெளியே ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, "அப்பா வாங்கினது. ரெண்டு பேருக்கும் பாதி. நீ என்னா சொல்ற?" என்றான்.

நான் சரி என்றேன். அன்றிரவு சோறு போடும்போது என் மனைவி, "அப்பா வேலையில பாதி குடுத்தாராங்க உங்க அண்ணன்?" என்று மட்டும் கேட்டாள். 

ஏன் சரி என்றேன் என்று அவளுக்கு எப்படிச் சொல்வது? அடுத்த சில மாதங்கள் அண்ணன் வாராவாரம் கடைக்கு வந்தான். வரும்போது மசால் போண்டா வாங்கிவருவான். இருவரும் கவுண்ட்டருக்குப் பின்னால் நெருக்கியடித்து உட்கார்ந்து ஏல விலைகளைப் பார்ப்போம். கிரேடிங் என்றால் என்ன என்று அவனுக்குச் சொல்லிக்கொடுத்தேன். புத்தகத்தை அமெரிக்காவுக்கு அனுப்பினால் அங்கே நிபுணர்கள் முதுகு, மூலை, ஸ்டேப்ளர் பின், தாளின் நிறம் எல்லாம் பார்த்துப் பத்துக்கு இத்தனை என்று மார்க் போடுவார்கள். பிறகு கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் கூட்டில் நிரந்தரமாக அடைத்துவிடுவார்கள். அதன்பின் திறக்கக் கூடாது. திறந்தால் மார்க் போச்சு.

"அப்ப படிக்க முடியாதா?"

"முடியாது. பாத்துகினு இருக்கலாம்."

"அதுவும் சரிதான், உள்ள என்னா இருக்குன்னு எவனுக்கு வேணும்" என்று சிரித்தான். நானும் சிரித்தேன். அவனோடு அப்படிச் சிரித்து எத்தனை காலம் ஆகியிருந்தது! அவனுக்கு ரிட்டயர்மென்ட் நெருங்கிக்கொண்டிருந்தது. குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். வடலூரில் மனை வாங்கிப்போட்டிருந்தான். ஏலத்தில் விலை ஏற ஏற அவன் கட்டப்போகும் வீட்டுக்கு ஒரு மாடி ஏறியது. பிறகு மாடியில் ஒரு பால்கனி வந்தது. "மாடி போர்ஷன் உனக்குடா. வாடகை குடுத்துகினு எதுக்குக் கெடக்கிற?" என்றான் ஒருநாள். அதை நம்பினேன்.

சென்னையில் ஒருவர் பல பேருடைய புத்தகங்களைச் சேர்த்து அமெரிக்காவுக்கு அனுப்பிவைப்பார். அவரிடம் நானும் அண்ணனும் சேர்ந்தே போய்க் கொடுத்தோம். அவர் புத்தகத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "ரொம்ப சுத்தமா இருக்கு சார். ஆறு, ஏழு வரலாம். ஆனா நான் சொல்றது கணக்கில்ல, அவங்க சொல்றதுதான்" என்றார். அண்ணன் காதில் ஏழு மட்டும்தான் விழுந்தது. திரும்பி வரும் பஸ்ஸில் என் தோளில் சாய்ந்து தூங்கிக்கொண்டே வந்தான்.

முடிவு வர வெகுநாள் ஆனது. ஒருநாள் மத்தியானம் சென்னைக்காரர் போனில் படம் அனுப்பினார். பிளாஸ்டிக் கூட்டுக்குள் எங்கள் புத்தகம். மேலே லேபிள். நல்ல புத்தகத்துக்கு நீல லேபிள் வரும். இது ஊதா. ஊதா என்றால் யாரோ கைவைத்த புத்தகம் என்று அர்த்தம். மூன்று பக்கமும் ஓரம் வெட்டப்பட்டிருக்கிறது என்று எழுதியிருந்தது. சேகரிப்பாளர்கள் அதைத் தொடக்கூட யோசிப்பார்கள். நாங்கள் பார்த்துப்பார்த்து வைத்திருந்த விலையில் அது ஒரு துணுக்குக்குக்கூடப் போகாது. கடையில் ஒரு பெண் ஆதார் கார்டை நீட்டிக்கொண்டு நின்றாள். இரண்டு முறை வெற்றுப் பக்கத்தையே ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்தேன்.

அண்ணனிடம் போனில் சொன்னேன்.  "சரி, வை" என்றான்.

இரண்டு வாரம் வரவில்லை. பிறகு குவார்ட்டர்ஸுக்கு வரச்சொன்னான். அதற்குள் சென்னையிலிருந்து வந்து சேர்ந்திருந்த அந்தக் கூட்டைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு போனேன். அண்ணன் கட்டிலில் போனோடு உட்கார்ந்திருந்தான். அம்மா சமையலறை வாசலில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"இதப் பாரு" என்று போனைக் காட்டினான். அமெரிக்காவில் ஒரு பெரிய ஏலம் முடிந்திருந்தது. அதே இதழ். நீல லேபிள். நல்ல மார்க். ஆசியாவைச் சேர்ந்த ஒரு சேகரிப்பிலிருந்து வந்தது என்று கீழே ஒரு வரி. நான் அந்த ஏலத்தை ஏற்கெனவே பார்த்திருந்தேன்.

"ஆசியான்னா யாருடா?"

"ஜப்பான்ல இருக்கலாம், சிங்கப்பூர்ல இருக்கலாம். எனக்கு எப்படிண்ணே தெரியும்?"

"கீழ் மூலையில மடிப்பு இருக்குது பாரு. நம்மளுதுலயும் அங்கதான் மடிப்பு இருந்துச்சி."

"அந்தக் காலத்துப் புத்தகத்துல பாதிக்கு அங்க மடிப்பு இருக்கும்ணே. நம்ம போட்டோவ பக்கத்துல வெச்சிப் பாரு, மடிப்பு வேற மாதிரி." என் போனை எடுத்து நீட்டினேன். அவன் வாங்கவில்லை.

"நல்லத வித்துட்டு, எங்கியோ ஒரு வெட்டுனத வாங்கி எங்கிட்ட காட்றியா?"

"நீயும்தான கூட வந்த சென்னைக்கு!"

"வந்தேன். அவனும் நீயும் என்னா பேசிகினீங்கன்னு எனக்கு என்னா தெரியும்? உங்க பாஷை எனக்குப் புரியுமா?"

அப்போதுதான் அம்மா கீரையிலிருந்து தலை நிமிர்த்தாமல் சொன்னாள்: "வெட்டுனது உங்க அப்பாடா. ஓரமெல்லாம் நைஞ்சி பிசிறு பிசிறா நின்னுச்சி. நீங்க ரெண்டு பேரும் நீதான் கிழிச்ச, நீதான் கிழிச்சன்னு ஒருத்தன ஒருத்தன் கடிச்சிகினீங்க. அவருதான் பஜார்ல பைண்டிங் கடையில குடுத்து சுத்தி வெட்டிகினு வந்தாரு. புதுசாட்டம் ஆயிடுச்சின்னு அவருக்கு அவ்ளோ சந்தோஷம்."

எனக்கு அது ஞாபகமே இல்லை. கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். புத்தகம் அத்தனை சுத்தமாக இருந்ததற்குக் காரணமே அதுதானா? அப்பாமேல் ஒரு கணம் வந்த கோபத்தை இப்போது நினைத்தாலும் கூசுகிறது. எங்கள் சண்டையை நிறுத்தத்தான் அவர் அதை வெட்டியிருக்கிறார்.

அண்ணன் முகம் மாறும் என்று பார்த்தேன். "அம்மா, நீ சும்மா இரு" என்றான். "அவன் சொல்லிக் குடுத்தத இங்க ஒப்பிக்காத. நீ எப்பவும் அவன் பக்கம்தான்."

அம்மா கீரைக்காம்பைக் கீழே போட்டுவிட்டு எழுந்து உள்ளே போனாள். அவள் என் பக்கம் என்பது எனக்கே புதுச்செய்தி. அப்பா போனதிலிருந்து அவன் வீட்டிலேயே இருந்தவள் அவள்.

எனக்கும் வாய் அடங்கவில்லை. "அப்பா வேலைய எடுத்துகினப்ப பாதி கேட்டனாண்ணே உன்ன?" என்றேன். என் மனைவியின் வார்த்தை என் வாயிலிருந்து வந்தது.

"அதான! இத்தன வருஷமா அத மனசுல வெச்சிகினுதான இப்ப பண்ணியிருக்க" என்றான் அண்ணன். தேடிய பொருள் கிடைத்துவிட்டவன் போல அவன் முகத்தில் ஒரு தெளிவு வந்தது. அதற்குமேல் நான் என்ன சொன்னாலும் அவன் காதில் ஏறப்போவதில்லை என்று எனக்குத் தெரிந்துவிட்டது. கூட்டைத் திரும்பத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

புத்தகத்தை வீட்டில் வைத்திருக்க முடியவில்லை. பிரித்துப் படிக்கவும் முடியாது, பார்க்கவும் பிடிக்கவில்லை. சென்னைக்காரர் மூலமாகவே ஏலத்தில் போட்டேன். ஏலம் முடியும் கடைசி நிமிஷங்களைப் போனில் பார்த்தேன். கேட்டவர்கள் இரண்டே பேர். மூன்றாவது ஆள் வரவில்லை. கிரேடிங், கூரியர், கமிஷன் எல்லாம் போக ஏதோ கொஞ்சம் மிஞ்சியது. ஒரு நல்ல ஜெராக்ஸ் மிஷின்கூட வாங்க முடியாத தொகை. அதில் சரிபாதியை அண்ணன் கணக்குக்கு அனுப்பினேன். ஏலத்தின் விவரம் முழுவதையும் வாட்ஸப்பில் அவனுக்குப் போட்டேன். இதைப் பார்த்தாலாவது புரிந்துகொள்வான் என்று நினைத்தேன்.

பார்த்ததற்கு இரண்டு நீலக்கோடு விழுந்தது. பதில் இல்லை. பணத்தைத் திருப்பியும் அனுப்பவில்லை.

கொஞ்ச நாள் கழித்துக் குறிஞ்சிப்பாடியில் ஒரு கல்யாணத்தில் சின்ன மாமா என்னை ஓரமாகக் கூப்பிட்டார். "ஏம்பா, அண்ணனுக்குத் திடீர்னு பணம் அனுப்புனியாமே?"

"ஆமாங்க மாமா. பாதி."

"உறுத்துது, அதான் அனுப்பறான்னு சொல்லிகினு இருக்கான்பா. தப்பு பண்ணாதவன் எதுக்கு அனுப்பணும்னு கேக்கறான்." அவர் என் முகத்தைப் பார்த்த விதத்தில், அந்தக் கேள்வி அவருக்கும் இருப்பது தெரிந்தது. இலை போட்டுவிட்டார்கள் என்று யாரோ கூப்பிட, என் கையைத் தட்டிவிட்டுப் போனார். நான் சாப்பிடாமல் பஸ் ஏறினேன்.

அண்ணன் ரிட்டயராகி வடலூரில் வீடு கட்டிவிட்டான். மாடி இல்லை. பணம் போதவில்லையாம். ஊரில் அதற்கும் காரணம் நான்தான். கிரகப்பிரவேசத்துக்கு என் கடைக்கு எதிரே இருக்கும் மெடிக்கல் ஷாப்வரை பத்திரிகை வந்தது. கொடுக்க வந்தவன் அண்ணன்தான். ரோட்டின் அந்தப் பக்கத்திலேயே வண்டியைத் திருப்பிக்கொண்டு போனான்.

அண்ணன் கடைத்தெருவுக்குப் போகும் நேரம் பார்த்து அம்மா எனக்குப் போன் செய்வாள். சாப்பிட்டியா, உன் பொண்ணு எப்படி இருக்கா, எனக்குக் கால் வீக்கம் குறைஞ்சிருக்கு, இதுதான் பேச்சு. போன வாரம் கேட்டேன்: "அம்மா, அப்பாதான் வெட்டுனாருன்னு அண்ணங்கிட்ட இன்னொருவாட்டி சொல்லேன்."

 "வேணாம்டா. நான் இங்கதான இருக்கணும்" என்றாள். பிறகு, "வண்டி சத்தம் கேக்குது, வெச்சிட்றேன்" என்று வைத்துவிட்டாள்.