நம்பாதவர் சுமந்த பொங்கல் பானை

என் கணவர் பெரியம்மை வராமல் தடுக்க அம்மைப்பால் குத்தும் உத்தியோகத்தில் இருந்தார். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் அந்த வேலைக்குப் பெரிய மதிப்பில்லை. எங்கள் ஊர் வாவியைத் தோணியில் கடந்து, கொக்கட்டிச்சோலைக்கும் அப்பாலுள்ள ஊர்களுக்குப் போவார். அங்கே பெரியம்மையை நோய் என்று யாரும் சொல்வதில்லை. கண்ணகியம்மன் வந்து இறங்கியிருக்கிறாள் என்பார்கள். இவர் வருவது தெரிந்தால் பெண்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வயலுக்குள் ஓடிவிடுவார்களாம்.

அவருக்குக் கடவுள் நம்பிக்கை கிடையாது. கலியாணமான முதல் கிழமையே என்னிடம் சொல்லிவிட்டார். நாங்களோ வருடம் தவறாமல் அமிர்தகழிக்குப் போய் மாமாங்கத் தீர்த்தத்தில் முழுகுகிற குடும்பம். எனக்கு அழுகை வந்துவிட்டது.

"சாமி இல்லாட்டி நாம எதுக்குப் பிறந்தம்?" என்று கேட்டேன்.

"எனக்குத் தெரியா புள்ள. தெரியாததத் தெரிஞ்ச மாதிரி உனக்குச் சொல்ல மாட்டன்."

அப்போது எனக்கு அது ஏமாற்றமாக இருந்தது.

ஒரு மாசிமாதம் அவர் குளிர்க்காய்ச்சலோடு வீடு வந்து சேர்ந்தார். கொயினா மருந்து குடித்தும் நாட்கணக்காகக் காய்ச்சல் இறங்கவில்லை. அம்மனைப் பகைத்தவனை அம்மன் பிடித்துக்கொண்டாள் என்று அக்கரை ஊர்களில் பேச்சு. என் அக்கா வந்து, "அந்த மனிசன அம்மனுக்கு ஒரு நேத்தி வைக்கச் சொல்லு புள்ள" என்றாள். நான் போய்க் கேட்டேன்.

பல்லெல்லாம் கிடுகிடுக்க அவர் சொன்னார்: "பயத்தில கும்பிட்டா அது பொய்க் கும்பிடு. அம்மன் இருந்தா அவவுக்கே அது விளங்கும். கொஞ்சம் சுடுதண்ணி தா."

சுடுதண்ணி வைக்கக் குசினிக்குப் போனவள், அடுப்படியில் நின்றே அவருக்குத் தெரியாமல் நேர்ந்துகொண்டேன். அவரைத் தூற்றிய அக்கரை ஊர் ஒன்றின் அம்மன் கோயிலில், வருடத்துக்கு ஒருமுறை வைகாசியில் நடக்கும் திருக்குளிர்த்திச் சடங்குக்குக் கதவு திறக்கும்போது பொங்கிப் படைக்கிறேன் என்று.

அவர் எழும்பிவிட்டார். கொயினாவா, அம்மனா, எனக்கு இன்றுவரை தெரியாது. வைகாசி பிறந்து கோயில் திறக்கும் நாள் நெருங்கியபோது, வேறு வழியில்லாமல் உண்மையைச் சொன்னேன். கோபிப்பார் என்று நினைத்தேன். அவர் கோபிக்கவில்லை.

"நீ குடுத்த வாக்கு. போகத்தான் வேணும். பானையும் விறகும் தூக்கிக்கொண்டு தனியத் தோணியில ஏறுவியா? நானும் வாறன்."

துறையிலிருந்து கோயில்வரை, வயல் வரம்பு வழியே, விறகைத் தோளிலும் பானையைக் கையிலுமாக அவர்தான் கொண்டுவந்தார். சனம் வேலையை விட்டுவிட்டுப் பார்த்தது. அம்மனுக்குப் பூசை செய்யும் கட்டாடியார் முகமெல்லாம் சிரிப்பாக எதிரே வந்தார்.

"இப்பயாவது அம்மாளக் கும்பிட வந்தீங்களே!"

தலையை ஒருமுறை ஆட்டினால் போதும். அந்த ஊர்களில் அதன்பின் அவருடைய வேலை எவ்வளவு சுலபமாகியிருக்கும்! ஆட்டிவிடுங்கள் என்று நான் மனத்துக்குள் கெஞ்சினேன்.

"இல்ல ஐயா, நான் கும்பிட வரல்ல. என்ட பெண்சாதி நேத்தி வெச்சவ. அவவுக்குத் துணையா வந்தன். காச்சல் மருந்திலதான் மாறினதெண்டு நான் நினைக்கிறன்."

கட்டாடியாரின் சிரிப்பு மறைந்தது. இவரை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு, "வெயிலுக்குள்ள நிக்காம இஞ்சால வந்து இருங்க" என்று மரநிழலைக் காட்டிவிட்டு உள்ளே போனார்.

இவர் நிழலில் இருக்கவில்லை. பச்சை விறகு பிடிக்காமல் நான் திண்டாடுவதைக் கண்டு, குந்தியிருந்து அடுப்பை ஊதினார். புகையில் கண் சிவந்து நீர் வடிந்தது. பால் பொங்கி வழிந்தபோது நான் கைகூப்பினேன். அவர் கூப்பவில்லை. என் முகத்தைப் பார்த்துச் சிரித்தார்.

அடுத்த மாதம் அவர் அந்த ஊருக்குப் போனபோது, கட்டாடியார் தன் பேரப்பிள்ளைகள் இரண்டுபேரைக் கையில் பிடித்துக்கொண்டு வழியில் நின்றாராம். "அம்மாள்ற வாசல்லயே பொய் சொல்லாத ஆள் நீங்க. இந்த மருந்திலயும் பொய் சொல்ல மாட்டீங்க. குத்துங்க" என்று பிள்ளைகளின் சட்டைக் கையைத் தானே மடித்துவிட்டாராம். அதைப் பார்த்துப் பக்கத்து வளவுக்காரரும் பிள்ளைகளைக் கொண்டுவந்தார்கள். எல்லோரும் வரவில்லை. வயலுக்குள் ஓடியவர்கள் அன்றும் ஓடினார்கள்.

வீட்டுக்கு வந்து, கட்டாடியார் சட்டைக் கையை மடித்துவிட்டதையே திரும்பத் திரும்பச் சொன்னார். அதற்குமுன் நான் அவரை அப்படிப் பார்த்ததில்லை. சோற்றைப் போட்டுக் கொடுத்துவிட்டு, அவர் சாப்பிட்டு முடிக்கும்வரை எதிரிலேயே இருந்தேன்.