லென்ஸ் அக்கா பறவைகளைப் பார்க்கப் போனது

எங்கள் மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் தேய்க்கும் மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவளை நாங்கள் லென்ஸ் அக்கா என்றுதான் கூப்பிடுவோம். முன்பக்கக் கவுண்டரில் நிற்கிற எனக்கும் அவளுக்கும் நடுவில் ஒரு பிளைவுட் தடுப்புதான். கூட்டம் இல்லாத நேரத்தில் அந்தப் பக்கம் இருந்து அவள் பேசுவாள், இந்தப் பக்கம் இருந்து நான் உம் கொட்டுவேன். இந்தக் கதையில் முக்கால்வாசி அப்படி வந்து சேர்ந்ததுதான். மீதி அவள் மகள் சொன்னது.

லேசில் அலட்டிக்கொள்ளாத மனுஷி. ஒருநாள் கடையில் ஒயர் கருகிப் புகை வந்தபோது நாங்கள் எல்லோரும் வாசலுக்கு ஓடினோம். அவள் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, தன்னுடைய தண்ணீர் பாட்டிலையும் மறக்காமல் எடுத்துக்கொண்டு நிதானமாக வெளியே வந்தாள். ஆனால் ஒரு குருவி உள்ளே வந்துவிட்டால் போதும், பாத்ரூமுக்குள் புகுந்து தாழ் போட்டுக்கொள்வாள். "போயிருச்சா? நல்லாப் பாத்துச் சொல்லு, போயிருச்சா?" என்று குரல் மட்டும் வரும்.

சின்ன வயதில் பக்கத்து வீட்டுச் சேவல் ஒன்று தோள்மேல் ஏறிக் கன்னத்தில் கொத்திவிட்டதாம். தழும்புகூட இல்லை, பயம் மட்டும் தங்கிவிட்டது. அவள் அண்ணன் அன்றைக்கே "கோழி" என்று பேர் வைத்துவிட்டார். இன்றைக்கும் போனில் "என்ன கோழி, சௌக்கியமா?" என்றுதான் ஆரம்பிப்பார்.

அவர்கள் வீடு மூன்றாவது மாடியில். பால்கனியில் புறா வந்து உட்காரும் என்பதால் அந்தக் கண்ணாடிக் கதவு எப்போதும் சாத்தியே இருக்கும். துணி காயப்போடுவது வீட்டுக்காரர் வேலை. அவர் பஸ் டிரைவர். பகலெல்லாம் நெரிசலில் வண்டி ஓட்டி இடுப்பு ஒடிந்து வந்தாலும், ஒரு வார்த்தை முணுமுணுக்காமல் ஈரத்துணி வாளியைத் தூக்கிக்கொண்டு பால்கனிக்குப் போவார். அவர் வெளியே போனதும் இவள் கதவைச் சாத்துவாள். அவர் தட்டினால்தான் திறப்பாள்.

இப்படிப்பட்டவளுக்குப் பிறந்த மகள் ஒரு பறவைப் பைத்தியம். எழுந்து நிற்கப் பழகிய நாளிலிருந்தே அந்தக் கண்ணாடிக் கதவில் மூக்கை ஒட்டவைத்துக்கொண்டு புறாக்களைப் பார்த்துக்கொண்டிருப்பாள். பள்ளிக்கூடம் போகிற வயதில் கிளி வேண்டும் என்று அடம். சாப்பாட்டுத் தட்டைத் தள்ளினாள், பேசாமல் இருந்தாள், கடைசியில் அப்பாவிடம் சிபாரிசுக்குப் போனாள்.

"கிளி உள்ள வந்தா உங்கம்மா வெளிய போயிருவா," என்றார் அவர். "அப்புறம் உனக்குக் கணக்கு யாரு சொல்லித் தர்றது? கிளியா?"

எங்கள் கடைக்கு எதிரே ஒரு பழைய மண்டபம் இருக்கிறது. மழைக்காலம் முடிந்ததும் வருஷா வருஷம் அங்கே காட்டுயிர் ஓவியக் கண்காட்சி நடக்கும். மான், புலி, யானை எல்லாம் இருக்கும், ஆனால் பாதிக்கு மேல் பறவைகள்தான். கிளிக்குப் பதிலாக அங்கே கூட்டிக்கொண்டு போவதாக லென்ஸ் அக்கா ஒத்துக்கொண்டாள்.

"படம்தானேம்மா, பறக்காது," என்று மகள் தைரியம் சொன்னாள்.

முதல் வருஷம் வாசலைத் தாண்டி நாலு படத்துக்கு மேல் அவளால் போக முடியவில்லை. விலங்குகளை வாசல் பக்கத்திலும் பறவைகளை உள்ளே தள்ளியும் மாட்டியிருந்தார்கள். "நீ போய்ப் பாத்துட்டு வா. நான் இந்தப் புலிகிட்ட நிக்கிறேன்," என்றாள். பக்கத்தில் நின்றவர் வேறு பக்கம் திரும்பிச் சிரித்துக்கொண்டாராம்.

அடுத்தடுத்த வருஷங்களில் அவளாக ஒரு வழி கண்டுபிடித்தாள். பறவைப் படங்கள் பக்கம் போகும்போது தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிடுவாள். அவளுக்குப் பவர் அதிகம். கண்ணாடி இல்லாவிட்டால் மயிலும் ஒன்றுதான், மழையில் நனைந்த சாயத்துணியும் ஒன்றுதான். அந்த மங்கலில் நிறங்களை மட்டும் பார்த்துப் பழகிக்கொண்டு, மூச்சை இழுத்துப் பிடித்து, மெல்லக் கண்ணாடியை மாட்டுவாள். அப்படித்தான் முதலில் வாத்தைப் பார்த்தாள். தண்ணீரில் இருந்ததால் வாத்து பரவாயில்லையாம். அப்புறம் நாரை. ஆந்தைக்கு மட்டும் ரொம்ப நாள் ஆயிற்று.

மகள் வளர்ந்தாள். வளர்ந்ததும் வாயும் வளர்ந்தது. ஒரு வருஷம், தோளில் கிளியை வைத்துக்கொண்டு நிற்கிற ஒரு சிறுமியின் படத்துக்கு முன்னால் ரொம்ப நேரம் நின்றவள், திடீரென்று அம்மா பக்கம் திரும்பினாள்.

"உன்னாலதான் எனக்கு ஒண்ணுமே கிடைக்கல. எல்லாத்தையும் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்னுதான் பாத்தேன். நீ பயந்தேன்னு நானும் உள்ளயே கிடந்தேன்."

சுற்றி ஆட்கள் இருந்தார்கள். லென்ஸ் அக்கா மண்டபத்திலிருந்து நேராகக் கடைக்கு வந்து மெஷினைப் போட்டாள். நான் காரணம் கேட்டபோது நடந்ததைச் சொல்லிவிட்டு, "உண்மையைத்தானே சொன்னா," என்றாள். அன்றைக்கு அவள் தேய்த்த ஒரு லென்ஸ் பிரேமில் உட்காரவே இல்லை. நான் அறிய அப்படி நடந்தது அதுதான் முதல் தடவை.

அம்மாவும் மகளும் அதற்கப்புறம் ஒன்றும் பேசாமல் இருந்துவிடவில்லை. ஒரே வீட்டில் எத்தனை நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்க முடியும்? ஆனால் அந்தப் பேச்சை மட்டும் இரண்டு பேரும் தொடவில்லை. மகள் படம் வரையத் தொடங்கினாள். படிப்பு முடிந்து, பாடப்புத்தகங்களுக்குப் படம் வரைந்து கொடுக்கிற ஒரு கம்பெனியில் வேலை கிடைத்து வேறு ஊருக்குப் போய்விட்டாள்.

லென்ஸ் அக்கா கண்காட்சிக்குப் போவதை நிறுத்தவில்லை. மதியச் சாப்பாட்டை அவசரமாக முடித்துவிட்டுத் தனியாகப் போய் வருவாள்.

"மகதான் ஊர்ல இல்லையே, நீங்க எதுக்குக்கா உயிரைக் கையில பிடிச்சுக்கிட்டு அங்க போறீங்க?" என்று கேட்டேன்.

"என்னென்ன இருந்துச்சுன்னு அவ போன்ல கேப்பால்ல. யாராச்சும் பாத்துச் சொல்லணுமே."

அந்த வர்ணனைகள் தடுப்புக்கு இந்தப் பக்கம் என் காதிலும் விழும். "ஒரு பருந்துடி. வாடகை பாக்கிக்கு வந்த வீட்டு ஓனர் மாதிரியே முறைக்குது." "மரங்கொத்தி ஒண்ணு. தலைமுடிக்குச் சாயம் அடிச்சுட்டு வந்திருக்கு." போனில் மகள் சிரிக்கிற சத்தம் எனக்கே கேட்கும்.

போன வருஷம் மகள் போனில் ஒரு சேதி சொன்னாள். "இந்தத் தடவை நானும் வர்றேன்மா. என் படம் ஒண்ணை எடுத்திருக்காங்க."

அன்றைக்கு லென்ஸ் அக்காவின் கால் தரையில் படவில்லை. கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் தடுப்புக்கு மேலே தலையை நீட்டிச் சொன்னாள். கண்காட்சி தொடங்கிய அன்று முதலாளியிடம் அனுமதி வாங்கி நானும் கூடப் போனேன். வீட்டுக்காரர் இஸ்திரி போட்ட சட்டையில் மாப்பிள்ளை மாதிரி வந்து நின்றார்.

மகளின் படம் உள்சுவரில் இருந்தது. ஒரு பால்கனிக் கம்பியில் மூன்று புறாக்கள். கொடியில் துணி மாட்டும் கிளிப்புகள், மூலையில் ஒரு வாளி. எல்லாம் கண்ணாடிக் கதவு வழியாகத் தெரிவதுபோல வரைந்திருந்தாள். அந்தக் கண்ணாடியில் மங்கலாக ஒரு பிரதிபலிப்பும் இருந்தது. அறையின் கடைசியில், வாயைக் கையால் பொத்திக்கொண்டு ஒரு பெண் நின்றாள்.

லென்ஸ் அக்கா தன் கண்ணாடியைக் கழற்றவில்லை. கிட்டே போனாள். இன்னும் கிட்டே போனாள்.

"இது யாரு, நானா?"

"நீதான்," என்றாள் மகள். "நீ பெட்ரூமுக்குள்ள போய்க் கதவைச் சாத்திட்டு இருந்திருக்கலாம்மா. ஆனா நான் அங்க நின்ன நேரமெல்லாம் நீ பின்னால நின்னிருக்கே. தினமும் கண்ணாடியில பாத்திருக்கேன். வரையுறப்பதான் உறைச்சது. அன்னைக்கு அப்படிப் பேசியிருக்கக் கூடாது."

"நீ பாட்டுக்குக் கதவைத் திறந்துட்டீன்னா? அதான் நின்னேன்."

"திறந்திருந்தா என்ன பண்ணியிருப்பே?"

லென்ஸ் அக்கா கொஞ்சம் யோசித்தாள். "தெரியல. கத்தியிருப்பேன். கத்திக்கிட்டே வந்து உன்னைத் தூக்கியிருப்பேன்."

மகள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வீட்டுக்காரர் வாளியைச் சுட்டிக்காட்டி, "என்னை வரையாட்டியும் என் வாளியை வரைஞ்சிருக்கா," என்று என்னிடம் பெருமைப்பட்டார்.

லென்ஸ் அக்கா மட்டும் புறாக்களைவிட்டு நகரவில்லை. "கண்ணு ஆரஞ்சு நிறமா இருக்கே," என்றாள் கடைசியில். "இவ்வளவு நாளா எனக்குத் தெரியவே தெரியாது."

அந்தப் படத்தை வீட்டுக்கு வாங்கிக்கொண்டு போக வேண்டும் என்று கிளம்பினாள். வீட்டுக்காரருக்கு நம்பவே முடியவில்லை. "புறாப் படமா? நம்ம வீட்டுக்குள்ளயா? நீயா கேக்குறே?" ஆனால் படத்தின் ஓரத்தில், விற்றாகிவிட்டது என்பதற்கு அடையாளமாக, ஏற்கெனவே ஒரு சிவப்புப் பொட்டு ஒட்டியிருந்தது. கண்காட்சியைத் திறந்த கையோடு ஒரு பல் டாக்டர் வாங்கிவிட்டாராம். லென்ஸ் அக்காவின் முகம் விழுந்துவிட்டது. அதே மாதிரி இன்னொன்று வரைந்து தருவதாக மகள் எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். "இதுல இருக்குறவதான் நான். இன்னொண்ணுல இருக்குறவ வேற யாரோ," என்று சொல்லிவிட்டாள்.

பயம் போய்விட்டதா என்று கேட்டால், இல்லை. தெருவில் காக்கை தாழப் பறந்தால் இப்போதும் என் முதுகுக்குப் பின்னால்தான் ஒளிவாள்.

இரண்டு மாதம் கழித்துப் பல் சுத்தம் செய்ய வேண்டும் என்று அரை நாள் லீவு கேட்டாள். அவள் பல்லில் ஒரு குறையும் கிடையாது. எந்த டாக்டர் என்று நான் கேட்கவில்லை.

மதியம் திரும்பி வந்தவள் மெஷினைப் போடாமல் தடுப்பில் சாய்ந்துகொண்டு சொன்னாள்: "வெயிட்டிங் ரூம்ல நடுச்சுவத்துல மாட்டியிருக்காரு. நல்ல வெளிச்சம். பக்கத்து நாற்காலியில ஒரு ஆளு, தாடை வீங்கி உட்கார்ந்திருந்தாரு. அந்தப் படத்துல பின்னால நிக்கிறது நான்தான்னு சொன்னேன்."

"அதுக்கு அவரு என்ன சொன்னாரு?"

"பாவம், வாயைத் திறக்க முடியல. எழுந்து கிட்டப் போய்ப் பாத்துட்டு வந்து, ஆமான்னு தலையாட்டினாரு."