முதல் பக்கத்து அம்மாக்கள்

நின்றபடியே புத்தகத்தைத் திறக்கிறார், முதல் பக்கத்தைப் பார்க்கிறார், மூடுகிறார். அடுத்ததை எடுக்கிறார். அதிலும் முதல் பக்கம் மட்டும்தான். "இவளும் எழுப்புறா" என்று முணுமுணுத்துவிட்டு, எடுத்த இடத்திலேயே செருகிவைக்கிறார். நூலகத்தின் சிறுவர் பகுதிக்குப் புதுப் படப்புத்தகங்கள் வந்து இறங்கினால், அந்தச் சனிக்கிழமை மதியம் டிரைவரம்மாவை இந்தக் கோலத்தில்தான் பார்க்கலாம். அந்தப் பகுதியின் நூலகராக எத்தனையோ வருடமாக நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

நகரப் பேருந்து ஓட்டுகிறார். விடியுமுன் டிப்போவை விட்டுக் கிளம்பும் முதல் பஸ் அவருடையது. ஜன்னல் பக்கத்துக் கை மட்டும் மற்றதைவிட ஒரு சாயல் கறுத்திருக்கும். இரண்டு அலமாரிகளுக்கு நடுவே திரும்பும்போதுகூட ஒரு நொடி நின்று இருபக்கமும் பார்த்துவிட்டுத்தான் திரும்புவார். என் மேஜை முன்னால் பிள்ளைகள் முட்டிமோதிக்கொண்டு நின்றால், "உள்ள போ கண்ணு, உள்ள இடமிருக்கு" என்று அவர் வாய் தானாகச் சொல்லும். பிள்ளைகளும் மறுபேச்சில்லாமல் நகர்ந்துவிடுவார்கள். நான் தொண்டை கிழியக் கத்தினாலும் நடக்காத காரியம் அது.

வேலைக்குப் போகும் அம்மாக்களைப் பற்றிய படப்புத்தகங்களுக்கு அவரைப்போல ஒரு விமரிசகர் கிடைக்கமாட்டார். பஸ் ஓட்டும் அம்மாவைப் பற்றி ஒரு புத்தகம் வந்தபோது, ஆசை ஆசையாய் எடுத்துவைத்திருந்து காட்டினேன். மூன்றாவது பக்கத்திலேயே மாட்டிக்கொண்டது. "பக்கக் கண்ணாடியே இல்லாம வண்டிய வெளிய எடுத்துட்டா பாருங்கக்கா" என்றார். அடுத்த பக்கத்தில் அந்த அம்மா, ஓடும் பஸ்ஸிலிருந்து இரண்டு கையாலும் டாட்டா காட்டினாள். அதற்கு மேல் அவர் புரட்டவில்லை. இன்னொரு புத்தகத்தில் அம்மாவுக்கு ஆறு கை; கரண்டி, துடைப்பம், மடிக்கணினி, பால் பாட்டில் என்று கைக்கொன்று. இவளுக்கு யாரும் லைசென்ஸ் தரமாட்டார்கள் என்று தீர்ப்பாகிவிட்டது. எனக்கும் அந்த ஆறு கை அம்மாக்களைக் கண்டால் ஆகாது. கை கூடக்கூட வேலையைத்தான் கூட்டுகிறார்கள். உட்கார ஒரு நாற்காலி வரைய ஒருவருக்கும் தோன்றுவதில்லை.

முதல் பக்கச் சமாசாரம் தொடங்கியது அவர் மகளுக்கு ஐந்து வயதாக இருந்தபோது. அப்போது இந்த அறையில் மேஜை நாற்காலி கிடையாது. பாய் விரித்திருக்கும், மின்விசிறி கடகடக்கும், பிள்ளைகள் குப்புறப் படுத்துக் கால் ஆட்டிக்கொண்டு படிப்பார்கள். அந்த வருடங்களை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் ஏக்கமாக இருக்கிறது. கூட்டத்தில் அந்தப் பெண்ணைக் கண்டுபிடிப்பது சுலபம். ஒரு சடை காதுக்கு மேலேயும் மற்றது தோளுக்குக் கீழேயும் தொங்கும். அப்பா பின்னிவிட்ட சடை.

அம்மாவும் மகளும் திருப்பிக் கொண்டுவரும் புத்தகங்களில் அட்டையையும் முதல் தாளையும் சேர்த்து ஒரு கொண்டை ஊசி குத்தியிருக்கும். அடையாளத்துக்குக் குத்திவிட்டு மறந்துபோகிறார் என்று நினைத்து, ஊசிகளை ஒரு டப்பாவில் சேர்த்துவைத்து, ஒருநாள் மொத்தமாகக் கொடுத்தேன். முகம் சுருங்கிப்போனது. பிறகு மெதுவாகச் சொன்னார்.

மகள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்ததும் முதல் பஸ்ஸை இவரே கேட்டு வாங்கிக்கொண்டாராம். அதிகாலை மூன்றரைக்கு, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வீட்டைவிட்டுக் கிளம்பினால், மதியத்துக்கு மேல் முழு அம்மா. பள்ளி வாசலில் நிற்கலாம், வாய்ப்பாடு கேட்கலாம், நகம் வெட்டலாம், கிழிந்த பைக்கு ஒட்டுப்போடலாம். "காலையக் குடுத்துட்டு சாயங்காலத்த வாங்கிக்கிட்டேன்கா" என்றார். நல்ல பேரம் என்றுதான் நினைத்திருந்தார். இந்தப் புத்தகங்கள் வந்து காரியத்தைக் கெடுத்தன. டாக்டர் அம்மாவோ விமானம் ஓட்டும் அம்மாவோ, யாராயிருந்தாலும் முதல் பக்கத்தில் பிள்ளையின் நெற்றியில் முத்தம் கொடுத்து எழுப்பிவிட்டுத்தான் வேலைக்குப் போனார்கள். அதனால் ஊசி. அவர் வீட்டில் எல்லாக் கதையும் இரண்டாம் பக்கத்தில்தான் தொடங்கியது.

மகள் எழுத்துக்கூட்டிப் படிக்கக் கற்றுக்கொண்டதும் ஊசி செல்லுபடியாகவில்லை. ஒரு சனிக்கிழமை பாயில் உட்கார்ந்து, புதுப் புத்தகத்தை முதலிலிருந்து பிரித்து, விரல் வைத்துச் சத்தமாகப் படித்தாள்: "கா...லையில் அம்மா என்னை எழுப்பினாள்." நானும் டிரைவரம்மாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். குழந்தை படத்தையே கொஞ்ச நேரம் பார்த்தது.

"பாவம்மா. இந்தப் பாப்பாவுக்குத் தானா எழுந்துக்கத் தெரியல" என்று சொல்லிவிட்டுப் பக்கத்தைத் திருப்பியது.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவரும் சிரித்தார். ஆனால் புத்தகத்துக்கு முத்திரை குத்தும்போது என்னருகில் குனிந்து, "சமத்தாத்தான் சொல்றா. அந்தச் சமத்துதான்கா என்னைக் குத்துது" என்றார். ஒரே ஒரு நாளாவது அவளைத் தன் கையால் எழுப்பிவிட வேண்டும் என்றார். விடுமுறை நாளில் எழுப்பலாமே என்று கேட்டேன். அன்றைக்கு வாரத் தூக்கமெல்லாம் சேர்ந்து இவர் அயர்ந்துவிட, அவள் முன்பே எழுந்து, பல் துலக்கி, சமையலறையில் உட்கார்ந்திருப்பாளாம்.

அன்றிலிருந்து, முதல் பக்கத்திலேயே வேலைக்குக் கிளம்பிப் போய்விட்ட ஓர் அம்மாவைத் தேடிக்கொண்டிருக்கிறார். மகள் வளர்ந்து, படப்புத்தகங்களைத் தாண்டி, கல்லூரியும் முடித்துவிட்டாள். இவர் தேடுவதை நிறுத்தவில்லை. சொல்லப்போனால் எனக்கும் அந்தப் பைத்தியம் தொற்றிக்கொண்டது.

போன மாதம் மகளுக்கு வெளியூரில் வேலை கிடைத்தது. காலை ஆறு மணி ரயில். இத்தனை வருடத்தில் முதல் தடவையாக டிரைவரம்மா முதல் பஸ்ஸை இன்னொருவருக்குக் கொடுத்துவிட்டு வீட்டில் இருந்தார். வேலைநாள் பழக்கதோஷம், மூன்று மணிக்கே விழிப்பு வந்துவிட்டது. ஐந்து மணிக்கு எழுப்பினால் போதும் என்று, சமையலறை நாற்காலியில் கடிகாரத்தைப் பார்த்தபடி இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தாராம். இதையெல்லாம் போன சனிக்கிழமை என் மேஜைக்கு எதிரே உட்கார்ந்து சொன்னார். அன்று ஒரு புத்தகத்தையும் எடுத்துப் பார்க்கவில்லை.

ஐந்து அடித்ததும் போய் மகளின் அறைக் கதவைத் திறந்திருக்கிறார். விளக்கு எரிந்துகொண்டிருந்தது. மகள் உடை மாற்றி, தலை பின்னி, பெட்டியைப் பூட்டி, கட்டில் விளிம்பில் உட்கார்ந்து ஷூவுக்கு நாடா கட்டிக்கொண்டிருந்தாள். இவருக்கு உள்ளே போகவும் கால் வரவில்லை, திரும்பிப் போகவும் வரவில்லை. கதவைப் பிடித்தபடி நின்றார்.

மகள் நிமிர்ந்து அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். கையை நீட்டி விளக்கை அணைத்தாள். ஷூவைக்கூடக் கழற்றாமல் கட்டிலில் கால் நீட்டிப் படுத்து, போர்வையைக் கழுத்துவரை இழுத்துவிட்டுக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டாள்.