மரத்துக்கு மாலை எறிந்தவர்

லண்டன் நோர்பரியில் எங்கள் தெரு மரத்தில் கார்னிவல் மணிமாலைகள் தொங்கியதைக் கண்டதுமே எனக்குப் பட்டது, யாரோ கோயில் தொடங்கப் போகிறார் என்று. எறிந்துகொண்டிருந்தவர் பெற்றோல் நிலையத்தில் வேலை செய்யும் அண்ணை. ஒல்லியான மனிதர், சட்டையைக் கழுத்துவரை பூட்டியிருப்பார். கேட்டவரைப் பார்க்காமல் தெருவைப் பார்த்துத்தான் பதில் சொல்வார்.

“என்னண்ணை, நேர்த்தியோ?”

“கார்னிவல் முடிய மரத்துக்கு மாலை எறியிறது அமெரிக்காவிலை வழக்கம் தம்பி. டிவியிலை பாத்தனான்.”

“விளங்குது. அடுத்த கிழமை வேல் நடுவியள், பிறகு நீங்கள்தான் தர்மகர்த்தா.”

அவர் சிரிக்கவில்லை. அடிமரத்தில், வெட்டுவதற்காகக் கவுன்சில் போட்டிருந்த வெள்ளைக் குறியைக் காட்டினார். “சாமி மரமெண்டு நினைச்சால் வெட்ட யோசிப்பாங்கள்.”

“அப்ப சாமி இல்லையோ?”

“அதை ஏன் நீர் கவுன்சிலுக்குச் சொல்லுறீர்?”

சொல்லிவிட்டு அடுத்த மாலையை எடுத்தார். எறிவதற்கு முன் சப்பாத்தைக் கழற்றி ஓரமாக வைத்தார். தெருவில் என்னைத் தவிர ஒருவரும் இல்லை. வெறும் ஏமாற்று என்றால் சப்பாத்தை யாருக்காகக் கழற்றினார்?

புதன்கிழமை வெட்ட வருகிறார்களாம். நானும் ஒரு மாலையோடு மரத்தடியில் நிற்கப்போகிறேன். சப்பாத்தோடா, வெறுங்காலோடா என்றுதான் இன்னும் தெரியவில்லை.