மாமாவுக்குப் பதிலாக ஒரு ட்ரம்மர்

மாமாவின் கால் முறிந்தது மேடையில் இல்லை. வேனின் பின்படியில். பெரிய ட்ரம்மை இரண்டு கையாலும் அணைத்தபடி இறங்கியவருக்குக் கீழ்ப்படி கண்ணில் படவில்லை. விழும்போதும் ட்ரம்மைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டே விழுந்தாராம். ட்ரம்மில் ஒரு கீறல் இல்லை. வலது காலில், முட்டிக்குக் கீழே, இரண்டு இடத்தில் எலும்பு விட்டிருந்தது.

"கட்டிட்டு வந்தவளை ஒருநாளாவது இப்படித் தாங்கிப் பிடிச்சிருப்பாரா இந்த மனுசன்?" என்று அக்கா ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே ஆரம்பித்துவிட்டாள்.

மாமா என்றால் என் அக்காவின் கணவர். ஓர் அச்சகத்தில் காகிதம் வெட்டும் இயந்திரத்தில் வேலை. வாரத்தில் ஆறு நாள் ரீம் ரீமாக வெட்டுவார். மேடை கிடைக்கிற நாளில் ஓர் இசைக்குழுவில் ட்ரம்ஸ் வாசிப்பார். யாரிடமும் போய்க் கற்றவர் இல்லை. பதினேழு வயதில் வெட்டிய காகிதக் கட்டுகளை மேலே, கீழே, பக்கத்தில் என்று அடுக்கி, இரண்டு ஸ்கேலால் அடித்து அடித்துப் படிந்த கை. குழுவில் எல்லோரும் அவரை "ட்ரம்ஸ்" என்றே கூப்பிடுவார்கள். அந்தக் குழுவில் அவர் உட்காரும் வட்ட ஸ்டூலைப் பதினான்கு வருடமாக வேறு யாரும் தொட்டதில்லை.

நான் அப்போது பட்டம் வாங்கிய கையோடு கிராமத்திலிருந்து வந்து, அக்கா வீட்டு முன்னறையில் தங்கி வேலை தேடிக்கொண்டிருந்தேன். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். கம்ப்யூட்டர் படிப்பு. இதைச் சொல்லிக்கொள்வதில் எனக்கு அன்றும் கூச்சமில்லை, இன்றும் இல்லை. அந்தச் சான்றிதழைச் சட்டம் போட்டு டிவிக்கு மேலே மாட்டியவரே மாமாதான். கரண்ட் ரீடிங் எடுக்க வருகிறவரைக்கூட உட்காரவைத்து அதைக் காட்டுவார்.

கால் முறிந்த பதினாறாம் நாள் ஒரு பெரிய கம்பெனியின் ஆண்டு விழா. குழுவுக்கு அந்த வருடத்தின் பெரிய மேடை அது. கீபோர்டு வாசிக்கிறவர்தான் குழுவின் தலைவர். எல்லோருக்கும் அவர் லீடர். அவர் பழக்கூடையோடு வந்து, கட்டுப்போட்ட காலைப் பார்த்து இரண்டு நிமிடம் 'உச்' கொட்டிவிட்டு, நேராக விஷயத்துக்கு வந்தார்.

"வேற ட்ரூப்ல ஒரு பையன் சும்மாதான் இருக்கான். கூப்பிடட்டுமா ட்ரம்ஸ்?"

"வேணாம் லீடர். கம்ப்யூட்டர்ல ட்ரம்ஸ் போடற சாஃப்ட்வேர் வந்திருக்காம். அதைப் போடுங்க. என் மாப்ளை பார்த்துக்குவான். படிச்ச பையன்."

லீடர் தலையாட்டிவிட்டுப் போனதும் நான் கேட்டேன். "ஏன் மாமா, ஆளே கிடைக்கும்போது?"

"மிஷின் உட்கார்ந்தா நாளைக்கு எந்திரின்னு சொல்லலாம். ஆள் உட்கார்ந்தா எப்படிச் சொல்லுவ? அவனுக்கும் வீடு, குழந்தை இருக்கும்."

கால் கூடும்வரை, மூன்று மாதம் ஸ்டூலைக் காப்பாற்றித் தருகிற மாதிரி ஒரு மிஷினை நான் தேர்ந்தெடுக்க வேண்டும். எனக்குக் கிடைத்த முதல் வேலை என்று அதைத்தான் சொல்வேன்.

முன்னறையில் கட்டில், கட்டிலில் மாமா, தலையணை மேல் கால். எதிரில் என் பழைய லேப்டாப், இரண்டு ஸ்பீக்கர். வீடே அந்தப் பத்துப் பன்னிரண்டு நாளும் டம் டம்மென்று அதிர்ந்தது. இன்று நான் வேலை பார்க்கும் இடத்தில் வெளிச்சத்தம் ஒரு பொட்டுகூட நுழையாத கண்ணாடி அறை இருக்கிறது; காதில் மாட்டிக்கொள்ள நல்ல ஹெட்போன் இருக்கிறது. ஆனாலும் ஒரு சத்தத்தை முழுசாகக் கேட்டேன் என்று எனக்குத் தோன்றுவது, குக்கர் விசிலுக்கும் அக்கா அதட்டலுக்கும் நடுவில் அந்த முன்னறையில் கேட்டதைத்தான்.

முதலில் இலவசமாகக் கிடைத்த ஒன்றை இறக்கினேன். ஒரே அடி, ஒரே சத்தம், ஒரே இடைவெளி. அக்கா அடுப்படியிலிருந்தே "என்னடா அது, தகர டப்பாவை உருட்டுற மாதிரி?" என்றாள். அதற்குத் தகரம் என்றே பெயர் விழுந்துவிட்டது.

தகரத்தில் 'ஹியூமனைஸ்' என்று ஒரு திருகு இருந்தது. அடி விழும் நேரத்தைக் கொஞ்சம் முன்னே பின்னே கலைத்து, மனிதன் வாசித்தது போல ஆக்குமாம். படித்த திமிர் எனக்கு. நூற்றுக்கு நூறு வைத்துவிட்டேன்.

மாமா முகத்தைச் சுளித்தார். "மனுசன்னா தள்ளாடுவான்னு நினைச்சியா மாப்ள? இவன் குடிச்சிட்டு வந்திருக்கான்."

மறுநாள் நானே ஒரு பேட்டர்ன் எழுதினேன். ஜல்லென்று சலங்கை மாதிரி ஓடும் இரட்டைத் தட்டு, நடுவில் ஸ்நேர் என்கிற சின்ன ட்ரம்மின் வெட்டு, இடையில் ட்ரம்களின் மேல் ஓர் உருட்டு, முடிவில் பெரிய தட்டில் ஓர் அறை. எனக்கே புல்லரித்தது. மாமா கண்ணை மூடிக்கொண்டு, இரண்டு கையையும் காற்றில் ஆட்டி ஆட்டிக் கூடவே வாசித்துப் பார்த்தார். உருட்டு வந்த இடத்தில் கை இரண்டும் சிக்கிக்கொண்டு அப்படியே நின்றன.

"மாப்ள, உருட்டுறதுக்கு ரெண்டு கை. சரி. அதே நேரத்துல இந்தச் சலங்கையை யாரு ஆட்டுறா?"

நான் என் இரண்டு கையையும் பார்த்துக்கொண்டேன்.

"உங்க காலேஜ்ல மனுசனுக்கு எத்தனை கைன்னு சொல்லித் தரலையா?"

அடுப்படியில் அக்கா சிரித்த சிரிப்பு பக்கத்து வீட்டுக்குக் கேட்டிருக்கும். அன்றிலிருந்து, மாமா காற்றில் வாசித்துப் பார்த்துக் கை சிக்காத பேட்டர்ன் மட்டுமே பாஸ்.

இரண்டாவதாக வந்ததற்கு, அதன் மிடுக்குக்காக, கோட்டு சூட்டு என்று பெயர் வைத்தோம். உண்மையான ட்ரம்ஸை ஒவ்வோர் அடியாகப் பதிவுசெய்து வைத்திருந்தார்கள். மெல்லத் தட்டினால் ஒரு சத்தம், ஓங்கினால் வேறு சத்தம். ஒரே ஸ்நேரை நாலு முறை அடித்தால் நாலும் நாலு விதம். பதினைந்து நாள் இலவசமாகப் பார்க்கலாம் என்றிருந்தார்கள். நான் போட்டதும் மாமா எழுந்து உட்கார்ந்தே விட்டார். "யாருடா இவன்?" என்றார். ஓர் ஆளைக் கேட்கிற மாதிரியே.

லீடர் வந்தார். நாலு பாட்டு கேட்டார். முகமெல்லாம் பல்.

"ட்ரம்ஸ், இது இவ்வளவு நல்லா இருந்தா மூணு மாசத்தோட ஏன் நிறுத்தணும்? அப்படியே வெச்சுக்கலாமே! வேன்ல பாதி இடம் மிச்சம். மைக் கட்டுற வேலை இல்ல. நீங்களும் ஞாயித்துக்கிழமை வீட்ல நிம்மதியா இருக்கலாம்."

லீடர் கெட்டவர் இல்லை. நல்லது சொல்வதாக நினைத்துத்தான் சொன்னார். மாமாவும், "ஆமா லீடர், இடம் மிச்சம்தான்" என்று சிரித்தார். லீடர் செருப்பை மாட்டிக்கொண்டு போகும்வரை அந்தச் சிரிப்பு அப்படியே இருந்தது. பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அக்கா காப்பியோடு வந்தாள். எதையோ சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் டம்ளரை வைத்துவிட்டுப் போனாள். அக்கா சொல்ல வந்ததைச் சொல்லாமல் போனது அன்று ஒருநாள்தான்.

காலையில் மாமா சொன்னார். "வேற ஒண்ணு பாரு மாப்ள."

"இதைவிட நல்லது கிடையாது மாமா. நான் எல்லாத்தையும் ஒப்பிட்டுப் பார்த்துட்டேன்." பட்டதாரி அல்லவா, வாய் சும்மா இருக்கவில்லை. "ஸ்டூல் போயிடும்னு பயந்துதானே வேண்டாங்கறீங்க?"

கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் காலைக் கையால் தூக்கிச் சரியாக வைத்துக்கொண்டார்.

"ஆமாடா. பயம்தான். இல்லைன்னு சொன்னா நீ நம்பவா போற? ஆனா அது மட்டும் இல்ல. இவன் ரொம்ப நல்லா வாசிக்கிறான். ஆனா எவளையும் எவனையும் நிமிர்ந்து பார்க்க மாட்டேங்குறான்."

எனக்கு அது அப்போது விளங்கவில்லை. இருந்தாலும் தேடினேன். மூன்றாவது ஒன்று கிடைத்தது. சத்தம் கோட்டு சூட்டுக்கு ஒரு படி கீழேதான். ஆனால் ஒரு வசதி இருந்தது. பாட்டைத் துண்டு துண்டாகப் பிரித்து வைக்கலாம். ஒரு துண்டு தானாகச் சுற்றிக்கொண்டே இருக்கும். லேப்டாப்பில் ஒரு விசையைத் தட்டினால்தான் ஓர் உருட்டு விட்டு அடுத்த துண்டுக்குப் போகும். ஒன்றைத் தட்டினால் அப்படியே நிற்கும், இன்னொன்றைத் தட்டினால் திரும்பிப் போகும்.

மாமா ஒரு விரலால் தட்டிப் பார்த்தார். நின்றது. தட்டினார். போனது. காலை எட்டு மணிக்கு உட்கார்ந்தவர் சாப்பாட்டுக்கு அக்கா மூன்று முறை கூப்பிட்டும் நகரவில்லை. "சொன்னா கேக்குறான்டி இவன்!" என்றார்.

"இந்த வீட்ல யாராவது ஒருத்தராவது கேக்கட்டும்," என்றாள் அக்கா.

இரண்டையும் ஒத்திகையில் போட்டுப் பார்ப்பது என்று லீடர் ஒத்துக்கொண்டார். அதற்கு முந்திய மூன்று நாளும் மாமா என்னை உட்காரவைத்துக் கோட்டு சூட்டுக்குத்தான் வேலை செய்தார். பத்துப் பாட்டுக்கும், ஒவ்வோர் உருட்டையும் தன் கையில் வாசித்துப் பார்த்து, இங்கே கொஞ்சம் மெதுவாக, இங்கே இடது கை என்பதால் சத்தம் குறைவாக என்று திருத்தித் திருத்தி.

"எதுக்கு மாமா இதுக்குப் போய் இவ்வளவு?"

"கெடுத்து வெச்சு ஜெயிக்கக் கூடாது மாப்ள."

ஒத்திகை லீடர் வீட்டுக் கார் ஷெட்டில். மாமாவை ஆட்டோவில் ஏற்றி, கால் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில், ஆள் இன்னொன்றில். குழுவின் பாடகி பகலில் ஒரு மழலைப் பள்ளியில் வேலை பார்ப்பவர். அவரை எல்லோரும் டீச்சர் என்போம். அவருடைய மெதுவான பாட்டு ஒன்று எப்போதும் கைதட்டல் வாங்கும். இரண்டாம் சரணத்தின் கடைசிச் சொல்லைப் பிடித்து இழுத்துக்கொண்டே நிற்பார். எவ்வளவு நேரம் என்று அவருக்கே தெரியாது.

முதலில், எழுதிவைத்த கணக்குப்படி தானாக ஓடும் கோட்டு சூட்டு. பாட்டு அருமையாகத்தான் போனது. இழுக்கிற இடம் வந்தது. டீச்சர் இழுத்துக்கொண்டிருக்கும்போதே ட்ரம்ஸ் தன் பாட்டுக்கு உள்ளே இறங்கிவிட்டது. நின்றார். மறுபடி தொடங்கினார். இந்த முறை பயந்து சீக்கிரம் விட்டுவிட்டார், ட்ரம்ஸ் வரவில்லை. வெறும் அமைதியில் அவர் நின்றதைப் பார்க்க எனக்கே சங்கடமாக இருந்தது.

"யாரோ பின்னாடி இருந்து முதுகுல கை வெச்சுத் தள்ளுற மாதிரி இருக்கு சார்," என்றார் டீச்சர்.

"நாலு எண்ணி விட்டுடுங்க டீச்சர். அவ்வளவுதான்," என்றார் லீடர்.

"காலையில இருந்து முப்பது குழந்தைங்களை எண்ணி எண்ணித்தான் பொழுது ஓடுது. சாயங்காலம் பாட வந்தும் எண்ணணுமா?"

நான் அந்த மூன்றாவதை, 'சொன்னா கேக்குறவனை', லேப்டாப்பில் திறந்து மாமா மடியில் வைத்தேன்.

டீச்சர் இழுத்தார். அடியில் இரட்டைத் தட்டு மட்டும் மெல்லச் சுற்றிக்கொண்டிருந்தது. மாமா லேப்டாப்பைப் பார்க்கவில்லை. டீச்சரின் வலது தோளைப் பார்த்துக்கொண்டிருந்தார், விசைக்கு மேல் விரலைத் தூக்கியபடி. இழுத்தார், இழுத்தார், கார் ஷெட் வாசலில் போன ஆள் ஒருவர் சைக்கிளை நிறுத்திவிட்டார். தோள் ஒரு நூல் இறங்கியது. விரல் விழுந்தது. உருட்டு வந்து சொல்லின் முனையைச் சரியாக வாங்கிக்கொண்டது.

நிமிர்ந்து பார்க்க மாட்டேங்குறான் என்றதன் அர்த்தம் எனக்கு அப்போதுதான் உறைத்தது. நான் ஒப்பிட்டு வைத்திருந்த பட்டியலில் அதற்கு ஒரு கட்டமே இல்லை.

லீடர் கீபோர்டின் மேல் விரலால் தாளம் போட்டுக்கொண்டே யோசித்தார். "சத்தம் கொஞ்சம் கம்மிதான்."

"கம்மின்னா கூட்டிக்கலாம் சார்," என்றார் டீச்சர் பட்டென்று.

"அப்போ இவர் மேடைக்கு வந்தாகணுமே. இந்தக் காலோடயா?"

"காலைக் கழட்டி வெச்சிட்டு வர முடியாது லீடர்," என்றார் மாமா. லீடருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சரி என்றும் சொல்லாமல், இல்லை என்றும் சொல்லாமல், "விழாவுல பார்ப்போம்" என்றார்.

ஆண்டு விழா மதியம் இரண்டு மணிக்கு. மேடை உடை கறுப்பு. கட்டு மட்டும் பளிச்சென்று வெள்ளை. அக்கா தன் கறுப்புச் சேலை ஒன்றைக் கிழித்துக் கட்டுக்கு உறை தைத்திருந்தாள். அந்த மெதுவான பாட்டு முடிந்ததும் கூட்டம் இன்னொரு முறை என்று கத்தியது. டீச்சர் யாரிடமும் சொல்லாமல் நேரே இரண்டாம் சரணத்தை எடுத்துவிட்டார். கீபோர்டு ஒரு நொடி தடுமாறியது, ட்ரம்ஸ் தடுமாறவில்லை. மாமா திரும்பிப் போகும் விசையைத் தட்டி அங்கே காத்துக்கொண்டிருந்தார்.

நிகழ்ச்சி முடிந்து, ஒயர்களைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது லீடர் ஒரு தாளோடு வந்தார். அடுத்த நிகழ்ச்சிக்கான பாட்டுப் பட்டியல். அதை என்னிடம் தரவில்லை. நேராக மாமாவிடம் நீட்டினார். "பேட்டர்ன் ரெடி பண்ணிடுங்க ட்ரம்ஸ். கால் சரியாகுற வரைக்கும் இப்படியே ஓட்டுவோம். அப்புறம் உங்க செட்டை ஏத்திடலாம்."

மாமா தாளை மேலிருந்து கீழே படித்தார். என் சட்டைப் பையிலிருந்த பேனாவை உருவி, ஐந்தாவது பாட்டைக் கோடு போட்டு அடித்தார்.

"இது வேணாம்."

"ஏன்?"

"எனக்குப் பிடிக்கல."

"உங்களுக்குப் பிடிச்சா என்ன, பிடிக்கலைன்னா என்ன? கேக்குறவங்களுக்குப் பிடிச்சிருக்கே!"

"அப்போ கேக்குறவங்களையே வந்து வாசிக்கச் சொல்லுங்க."

"இதே ரோதனைதான்யா உங்ககிட்ட, பதினாலு வருசமா!"

இருவர் குரலும் ஏறிக்கொண்டே போனது. டீச்சர் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார். பதினாறு நாளாக லீடர் முன்னால் அடங்கியே பேசிக்கொண்டிருந்த மனிதர், கட்டுப்போட்ட காலை நாற்காலியில் நீட்டிக்கொண்டு, ஒரு பாட்டுக்காகக் குரலை உயர்த்திச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார். நான் ஒயரைச் சுருட்டுவதை நிறுத்திவிட்டு நிம்மதியாகக் கேட்டுக்கொண்டிருந்தேன்.