மணி கழற்றிய பசு

மகளுக்காகக் கீரை ஆய்ந்தபோது விரலில் ஏறிய பச்சை வாசம், மேய்கிற பசுவின் வாயில் வருமே, அதே வாசம். நான் சிறுமியாக இருந்தபோது, எங்கள் ஊர்ப் பட்டாசுக் கம்பெனியில், புல் காய்ந்தால் தீப்பிடிக்கும் என்று ஞாயிற்றுக்கிழமைகளில் மாடுகளை உள்ளே மேயவிடுவார்கள். இரும்பு உரசினால் பொறி பறக்கும் என்பதால் கழுத்து மணியைக் கழற்றி வாட்ச்மேனிடம் கொடுத்துவிட வேண்டும். அந்த அமைதியில், பூட்டிய ஷெட்டுகளுக்கு நடுவே, பசு நாக்கைச் சுழற்றிப் புல்லை அறுக்கிற சரக் சரக் மட்டும் மதியம் வரை கேட்டுக்கொண்டிருக்கும்.

எங்கள் கன்று புல் தின்னப் பழகவில்லையே என்று பயந்து, நான் கை நிறையப் பிடுங்கி அதன் வாயில் திணிப்பேன். அது முகத்தைத் திருப்பிக்கொள்ளும்.

"ஏட்டி, பள்ளிக்கூடத்துல கன்னுக்கு ஊட்டிவிடத்தான் சொல்லித் தாராகளா?" என்று அத்தை சிரிப்பாள்.

தாய்ப்பசுவோ திரும்பிக்கூடப் பார்க்காமல் மேய்ந்துகொண்டே போகும். ஒருநாள் கன்று தானாகப் போய், அதன் வாயோரம் தொங்கிய புல்லை இழுத்துத் தின்றது.

கம்பெனியை மூடிவிட்டார்கள், அங்கே இப்போது சீமைக்கருவேலம் மண்டிக் கிடக்கிறது. இங்கே என் மகள் ஒரு வாரமாகப் பால் மட்டும் குடித்துவிட்டுச் சோற்றைத் துப்புகிறாள். ஒன்றுமில்லை என்று டாக்டர் சொன்ன பிறகும், நான்தான் ஏதோ தவறாகச் செய்கிறேனோ என்றே மனம் அடித்துக்கொள்கிறது.

இன்று அவளுடைய கிண்ணத்தைத் தள்ளி வைத்துவிட்டு, அவள் எதிரே உட்கார்ந்து கீரைச் சோற்றை நான் சாப்பிட்டேன், அவளைப் பார்க்காமல். பார்க்காமல் இருப்பதுதான் பெரும்பாடாக இருந்தது. பாதிச் சாப்பாட்டில், என் தட்டுக்குள் ஒரு சின்னக் கை வந்தது.